கூலியோன் தீவுக்கு மட்டும் தனி நாணயம் ஏன்?

பிலிப்பைன்ஸில் பலவான் மாகாணத்தின் வடக்கே இருக்கும் சிறிய ஊர் கூலியோன். அங்கே ஒரு காலத்தில் தனிக் காசு புழங்கியது ஏன், இப்போது அங்கே யார் வாழ்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் தொழுநோய் பற்றிய பயம்தான். அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட அமெரிக்க அரசு 1906-இல் இந்தத் தீவைத் தொழுநோயாளிகள் குடியிருப்பாக்கியது. முதலில் செபு என்ற இன்னொரு பிலிப்பைன்ஸ் தீவிலிருந்து கப்பலில் சில நூறு பேர் வந்தார்கள். அப்புறம் நாடெங்கும் இருந்து, பலரை வலுக்கட்டாயமாகவே கொண்டுவந்தார்கள். நோயாளி தொட்ட காசு வெளியே போனால் நோயும் பரவும் என்று நம்பி, 1913-இல் அலுமினியக் காசுகளை வெளியிட்டார்கள். உண்மையில் தொழுநோய் காசு வழியாகப் பரவுவதில்லை.

காசைவிடக் கொடுமையானது, பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் காப்பகத்தில் வளர்த்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

1930-களில் உலகிலேயே மிகப் பெரிய தொழுநோயாளர் குடியிருப்பு இதுதான். மலைச்சரிவில் கற்களை அடுக்கி நோயாளிகள் அமைத்த பெரிய கழுகுச் சின்னம் கடலிலிருந்தே தெரியும். ஸ்பானியர் காலத்துக் கோட்டையோடு ஒட்டி நிற்கிறது சிவப்பு வெள்ளைத் தேவாலயம்.

1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயை அடக்கியது. 1992-இல் கூலியோன் தனி நகராட்சியானது. இன்று அங்கே வாழ்பவர்களில் பலர் அந்த நோயாளிகளின், மருத்துவமனை ஊழியர்களின் வாரிசுகள். மீன்பிடிப்புதான் முக்கியப் பிழைப்பு. போனால் பழைய ஆவணங்கள் உள்ள அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். கொரோன் ஊரிலிருந்து படகு கிடைக்கும்.