தோடர்கள் இன்னும் ஏன் எருமை வைத்திருக்கிறார்கள்? விற்றுப் பணத்தை வங்கியில் போட்டால் லாபம்தானே?

கேட்டவர் ஊட்டிக்கு வந்து, பைக்காரா ரோட்டில் வண்டியை நிறுத்தி, எருமையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனவராக இருப்பார் என்று நினைக்கிறேன். தப்பில்லை. நான் நீலகிரிப் பழங்குடியான தோடர் வீட்டுப் பெண். மந்து என்பது எங்கள் குடியிருப்பு. ஒரு மந்தில் பிறந்து இன்னொரு மந்தில் வாழ்க்கைப்பட்டவள். இதே கேள்வியை எங்கள் வீட்டில் கேட்டவர் என் வீட்டுக்காரர்.

மகனுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்த வருஷம். ஃபீஸ் கட்டக் கையில் காசில்லை. கடன் கேட்கப் போன இடத்தில் சொத்து என்ன இருக்கிறது என்றார்கள். நிலம் இருக்கிறது, ஆனால் பொதுப் பட்டா, எங்கள் இஷ்டத்துக்கு விற்க முடியாது. "எருமை இருக்குங்க" என்றார் வீட்டுக்காரர். எதிரே இருந்தவர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

அப்புறம்தான் வியாபாரியைக் கூட்டி வந்தார். வந்தவர் இடுப்பெலும்பில் கை வைத்து அழுத்தினார், வாலடியைப் பிடித்துப் பார்த்தார், கறி எவ்வளவு தேறும் என்று மனக்கணக்குப் போட்டார். கொம்பின் அகலத்தைப் பார்த்து, பிக்கப் வண்டியில் ஏறுமா என்று வேறு முணுமுணுத்தார். பால் கணக்கை விசாரிக்கவே இல்லை. விசாரித்திருந்தாலும் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் எருமை ஒரு ஈற்றுக்குச் சுமார் 500 கிலோ கொடுக்கும். கொழுப்பு 8 சதவீதம் என்பது உண்மை, ஆனால் கலப்பின ஜெர்சி அந்தப் பாலை இரண்டு மூன்று மாதத்தில் கொடுத்துவிடும்.

மாமனார் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேச ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "இதையும் வித்துட்டா நாளைக்கு என்னை எதோட அனுப்புவீங்க?"

எங்களில் ஒருவர் இறந்தால் கூடவே எருமையும் போக வேண்டும், அந்த உலகத்தில் அவருக்குப் பால் வேண்டுமே. பெரிய மனுஷன் சாவுக்கு எத்தனையோ எருமை விழுந்த காலம் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஆளுக்கு இரண்டு என்று வரம்பு போட்டார்கள். உயிர்வதை என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். சாவில் விழுந்த எருமையின் கறியை எங்கள் பெரியவர்கள் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நின்றுவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்த எருமையை, பக்கத்தில் வாழும் இன்னொரு மலைக்குடியான கோத்தர்கள் எடுத்துப் போவார்கள். சும்மா இல்லை. பானை வனைந்து கொடுத்தார்கள், கோடாலி அடித்துக் கொடுத்தார்கள், சாவுக்கு வந்து வாசித்தார்கள். இங்கே விவசாயம் செய்யும் படகர்களிடமிருந்து தானியம் வந்தது, எங்களிடமிருந்து நெய் போனது. ஒருத்தன் மனைவியை இன்னொருத்தன் கூட்டிக்கொண்டு போனால்கூடப் பஞ்சாயத்து எருமையில்தான் தீர்ந்தது. எருமை உள்ளவனுக்கு நாலு பேர் கடன்பட்டிருப்பார்கள், அவனும் நாலு பேருக்குக் கடன்பட்டிருப்பான். செல்வம் என்றால் அதுதான். இப்போது பானை எவர்சில்வர், அரிசி ரேஷன் கடையில், தகராறு போலீஸ் ஸ்டேஷனில். எருமைக்கு மிச்சமிருப்பது சாவும் கோயிலும்தான்.

புல்லும் போய்விட்டது. புல்வெளியில் சீகை என்கிற வாட்டில் மரத்தையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் நட்டது அரசாங்கம். குந்தா மின்திட்ட அணைகளுக்குக் கொஞ்சம் போனது. மற்றதில் உருளைக்கிழங்கு, கேரட். எங்கள் ஆட்களே குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழம்பெருமை பேசுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எருமை எப்போதும் ஆண்களுடைய சொத்து. எங்கள் கோயிலில்தான் பாலைக் கடைவார்கள், அந்தப் பக்கம் பெண்கள் போகக் கூடாது, கறக்கவும் கூடாது. இந்த வயதுவரை ஓர் எருமையின் மடியை நான் தொட்டதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அது வேறு கதை.

கடைசியில் கொட்டகையில் நின்ற ஜெர்சி இரண்டையும் விற்றோம். சொசைட்டிக்குப் பால் ஊற்றி மாதாமாதம் காசு பார்த்தது அந்த மாடுகளில்தான். அவை போனபோது மாமனார் திண்ணையை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. மீதிக்கு, நான் எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்த பூத்துக்குளிக்கு, அதாவது எங்கள் சால்வைக்கு, முன்பணம் வாங்கினேன். ஆக, உங்கள் கணக்குப்படியே காசாக்க வேண்டியதைக் காசாக்கினோம். எருமை அந்தக் கணக்கில் வராது, அவ்வளவுதான். மாமனார் இப்போது இல்லை. எருமையோடுதான் போனார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், மேய்க்கிற ஆளுக்குக் கூலி அவன்தான் அனுப்புகிறான். அந்தப் பணத்தை வங்கியில் போடலாமே என்று அவனிடம் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

பூத்துக்குளி என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன். 2013இல் எங்கள் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் டவுனில் மெஷினில் அடித்த துணியைத் தோடர் சால்வை என்று கூசாமல் விற்கிறார்கள். ஒரு கடையில் என்னிடமே "ஒரிஜினல், தோடர்ங்க கையால போட்டது அக்கா" என்றார் ஒரு பையன். நாங்கள் கோடு வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணிப் போடுகிறோம். ஒரு சால்வைக்குள் கண் எரிந்துவிடும். அதன் விலையைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் பாதி விலை என்கிறார்கள். வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பாருங்கள். எங்களுடையது இரண்டு பக்கமும் போர்த்திக்கொள்ளும்படி இருக்கும். பின்பக்கம் நூல் பிசிறும் ஒட்டுத்துணியுமாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.