புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் கை வீங்கிவிட்டது. லேசர் ஒளி சிகிச்சை பலன் தருமா, சிவப்பு விளக்கு வாங்கி வீட்டிலேயே வைக்கலாமா?

லேசர் ஓரளவு பலன் தரும் தம்பி. ஆனால் அதை நம்பி வீக்கத்தை அடக்க அம்மாவின் கையில் போடும் அழுத்த உறையை (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) கழற்ற விட்டுவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மார்பக அறுவையோடு அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்திருப்பார்கள், கதிர்வீச்சும் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் துணி தைத்துப் பிழைப்பவள். அம்மாவும் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். கீமோ எல்லாம் முடிந்து, இனி நிம்மதி என்றிருந்த நேரத்தில் வலது கை கனக்க ஆரம்பித்தது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. முன்கையில் அழுத்தினால் விரல் பட்ட குழி அப்படியே நின்றது.

நெறிகளை எடுத்தபின் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வரும் நீர், வடிய வழி குறைந்துவிடுகிறது. தேங்கிய நீர் நாளாக ஆகத் தோலையும் அதன் அடியில் உள்ள திசுவையும் இறுக வைக்கிறது. இது தெரியாத சொந்தக்காரர்கள் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிடு என்பார்கள். இரண்டுமே வேண்டாம். சூடு வீக்கத்தைக் கூட்டலாம். நிணநீருக்கான பிடித்துவிடுதல் தோலை மட்டும் மெல்ல நகர்த்துகிற தனி முறை, பயிற்சி எடுத்தவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

லேசருக்கு ஈப்போவில் ஒரு தனியார் பிசியோ மையத்துக்குப் போனேன். அங்கே இருந்தது 904 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு லேசர் கருவி. அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது, சுடவும் சுடாது. கையடக்கமான முனையை அக்குள் தழும்பின் மேல் ஒரு புள்ளியில் ஒரு நிமிடம் வைத்து, அப்புறம் அடுத்த புள்ளி என்று நகர்த்திக்கொண்டே போவார்கள். வாரத்துக்கு மூன்று முறை, மூன்று வாரம் ஒரு சுற்று. சில வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது சுற்று. நம் செல்களில் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது, இறுகிய திசு இளகி நிணநீர் நகர இடம் கிடைக்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லும் விளக்கம்.

எனக்கு முதலில் இளகியது அக்குள்தான். மேல் அலமாரியிலிருந்து துணிக்கட்டை இறக்கும்போது இழுத்துப் பிடிப்பது நின்றது. சுற்றளவு மெதுவாகத்தான் இறங்கியது. இதை உத்தேசமாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டிலேயே என் கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மணிக்கட்டு, முன்கை, முழங்கைக்கு மேல் என்று டேப் வைத்து அளந்து எழுதி வருகிறேன். டேப் பிடிப்பது என் தொழில், அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த நோட்டைப் பார்த்தாலே தெரியும்: உறையைச் சரியாகப் போட்ட வாரங்களில்தான் கை இறங்கியிருக்கிறது. அந்த மலாய் பிசியோ பெண்ணும் ஒவ்வொரு முறையும் 'மக்சிக், ஜாங்கான் புக்கா' (அம்மா, கழற்றாதீங்க) என்று உறையைத் தொட்டுக் காட்டித்தான் அனுப்புவாள்.

அப்படியானால் கை இறங்கியது உறையால்தானே, லேசருக்கு எதற்குக் காசு என்று சிலர் கேட்கலாம். 2003-இல் ஆஸ்திரேலியாவில் லேசர் வராத போலிக் கருவியோடு ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள். இரண்டு சுற்று எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அதுவும் சில மாதம் கழித்து, வீக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. ஒரே சுற்றில் அந்தப் பலன் இல்லை. எல்லாருக்கும் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை. அம்மாவின் புற்றுநோய் டாக்டர் சரி என்ற பிறகுதான் தொடங்க வேண்டும், கட்டி மீதமிருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

சிவப்பு விளக்கு வேண்டாம் தம்பி. எங்கள் ஊரிலும் மண்டபம் பிடித்து விற்றார்கள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்), முழங்கால் வலி, வீக்கம் எல்லாவற்றுக்கும் அதே விளக்கு. அலைநீளம் எவ்வளவு என்று எழுந்து கேட்டேன், பதில் வரவில்லை. ஓய்வூதியத்தை நம்பி இருக்கும் கிழவிகள் ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்து வாங்கிப் போனதைப் பார்க்க வயிறு எரிந்தது. அந்தக் காசில் நல்ல உறை இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம்.

காசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். என் லேசர் செலவு முழுக்கத் தீபாவளித் தையல் காசு. இப்போது தீபாவளி வந்தால் வெளிநாட்டிலிருந்து வந்து கூடாரம் போட்டு, தைத்த ரவிக்கையை நாங்கள் வாங்கும் துணி விலைக்கு விற்கிறார்கள். வருஷம் முழுக்க லைசன்சும் வாடகையும் கட்டுகிற நாங்கள் எங்கே போவது? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் வைத்தியத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் யாராவது பேச வேண்டுமே.

கடைசியாக ஒன்று. அம்மாவின் கை திடீரென்று சிவந்து சூடாகி, காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் அது தொற்று. லேசர் எல்லாம் அப்புறம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், ஆன்டிபயாட்டிக் வேண்டும். கொசுக்கடி, நகம் வெட்டும்போது படும் கீறல்கூட வழியாகிவிடும். அளவு எடுப்பதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், எங்கெங்கே டேப் வைப்பது என்று எழுதுகிறேன்.