வாசகர் கேள்வி பதில்: பட்டம் ஏன் வலது பக்கமாகவே குத்துகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. டெக்னாலஜி பாடத்துக்காக ஒரு பட்டத்தை நாங்களே வடிவமைத்து, செய்து, சோதித்துப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மூங்கில் குச்சியும் கறுப்புக் குப்பைப் பையும் வைத்துச் செய்தேன். நடுக்குச்சி 90 செ.மீ., குறுக்குக் குச்சி 75 செ.மீ. டர்பனில் ப்ளூ லகூன் கடற்கரையில் ஏற்றினால் பத்தடி எழும்பி, வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றி மணலில் குத்துகிறது. தாத்தா வாலை நீட்டச் சொல்கிறார், அப்பா குச்சி கனம் என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டு பேரும் இல்லை அம்மா. 'வலது பக்கமாகவே' என்று எழுதினாயே, விடை அதில்தான் இருக்கிறது. இடமும் வலமுமாக மாறி மாறி ஆடிக் குத்தினால் வால் போதவில்லை என்று அர்த்தம், அப்போது தாத்தா ஜெயித்திருப்பார். எப்போதும் ஒரே பக்கம் என்றால் பட்டத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லை.

முதலில் நடுக்குச்சியின் இரண்டு முனையையும் விரல்நுனியில் தாங்கிப் பிடி. ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் டேப் ஒட்டிச் சரிசெய். ஆனால் எனக்குச் சந்தேகம் குறுக்குக் குச்சி மேல்தான். மூங்கிலில் ஒரு பாதியில் கணு இருந்து மறுபாதியில் இல்லாவிட்டால், பார்க்க நேராக இருந்தாலும் காற்றில் மெலிந்த பக்கம் அதிகமாகப் பின்னால் வளையும், அந்தப் பக்கம் காற்றைப் பிடிக்காமல் நழுவவிடும், பட்டம் அந்தப் பக்கமே திரும்பும். குச்சியைக் கழற்றி, நடுவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனையிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டுப் பார். அதிகம் வளையாத பாதியைக் கத்தியால் மெல்லச் சீவிக்கொண்டே வா.

கனம் பற்றி அப்பாவுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டு, அறிக்கையிலும் சேர்த்துக்கொள்ளலாம். உன் பட்டத்தின் பரப்பு 0.9 × 0.75 ÷ 2, அதாவது ஏறத்தாழ 0.34 சதுர மீட்டர். மரத்து இலைகள் விடாமல் அசையும் காற்று வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. பாதி × 1.2 × 5 × 5 × 0.34 என்றால் 5 நியூட்டன், சுமார் அரைக் கிலோ எடைக்குச் சமம். அதில் எவ்வளவு தூக்கலாகும் என்பது பட்டம் சாய்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்தது, ஆனாலும் நூறு கிராம்கூட இருக்காத உன் பட்டத்துக்குத் தாராளம். இன்னொன்றும் கவனி, காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்காகும். ஆகஸ்ட் காற்றில் குச்சி முறிவது இதனால்தான்.

அப்புறம் சூத்திரம், அதாவது நடுக்குச்சியில் மேலும் கீழுமாகக் கட்டி, பறக்கவிடும் நூலை முடிச்சுப் போடுகிற கயிறு. பட்டத்தின் உயிரே அந்த முடிச்சில்தான் இருக்கிறது. முடிச்சை வால் பக்கம் இறக்கினால் பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டி நிற்கும், கையை இழுக்கும், மேலே ஏறாது. மூக்குப் பக்கம் ரொம்ப ஏற்றினால் படுத்துக்கொண்டு படபடக்கும், இழுப்பே இருக்காது. பலத்த காற்றுக்கு முடிச்சு சற்று மேலே, மெல்லிய காற்றுக்குச் சற்றுக் கீழே. ஒவ்வொரு தடவையும் ஒரு செ.மீ. மட்டும் நகர்த்து.

அளப்பதற்கு ஒரு கோணமானியில் நூலும் நட்டும் கட்டித் தொங்கவிட்டால் போதும், பட்டம் நிற்கும் கோணம் தெரிந்துவிடும். 50 மீட்டர் நூல் விட்டு 45 பாகையில் நின்றால் உயரம் ஏறத்தாழ 35 மீட்டர் (நூல் தொய்வதால் உண்மையில் கொஞ்சம் குறையும்). இழுப்பை அளக்க மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் சுருள்வில் தராசைக் கடன் வாங்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வாலையும் நீட்டி, முடிச்சையும் நகர்த்தி, பட்டம் பறந்துவிட்டால் சந்தோஷம்தான், ஆனால் எதனால் பறந்தது என்று அறிக்கையில் எழுத உன்னிடம் ஒன்றும் இருக்காது. மணலில் குத்தின கணக்கையும் மறைக்காமல் எழுது. சின்ன வயதில் நான் பறந்ததை மட்டும் எழுதி வைத்தேன், அடுத்த வருடம் அதே தப்பையெல்லாம் முதலிலிருந்து செய்தேன்.

கேள்வி: டர்பனில் மாமா வீட்டில் ஜோராகப் பறந்த பட்டம் இங்கே எழும்பவே மாட்டேன் என்கிறது. ஜோஹானஸ்பர்க் காற்றுக்கு என்ன ஆயிற்று?
- லெனேசியா வாசகர்

பதில்: காற்று மெலிந்துவிட்டது. நீங்கள் இருப்பது கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கும் மேலே, அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு, தூக்கலும் அதே அளவு குறையும். ஆனால் காற்று எட்டு சதவீதம் வேகமாக அடித்தாலே அது ஈடாகிவிடும், எனவே பழியை முழுக்க உயரத்தின் மேல் போடாதீர்கள். கடற்கரையில் காற்று தடையில்லாமல் வருகிறது, உங்கள் தெருவில் வீடும் மரமும் அதைக் கலைத்துவிடுகின்றன. மதியம் தாண்டித் திறந்த மைதானத்துக்குப் போங்கள், பட்டம் குப்பைப் பையில் செய்தது என்றால் அதற்குப் பதிலாக மெல்லிய கடைப் பையை வெட்டி ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: பரீட்சை நேரத்தில் பையன் பட்டமும் கையுமாக அலைகிறான். கேட்டால் இன்ஜினியரிங் என்கிறான். நம்பலாமா?
- ஒரு அம்மா, டோங்காட்

பதில்: அவன் சொல்வதில் பொய் இல்லை அம்மா. ரைட் சகோதரர்கள் 1899இல் ஐந்தடி அகலப் பட்டம் ஒன்றை ஏற்றித்தான் இறக்கையை முறுக்கித் திருப்பும் யோசனையைச் சோதித்தார்கள். அதற்கு முன்பே, 1894 நவம்பர் 12 அன்று, ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்துத் தானே 16 அடி உயரம் எழும்பினார். ஆனால் பரீட்சை பரீட்சைதான், அதை முடித்துவிட்டு ஏற்றட்டும். மின்கம்பி பக்கமும் விமான நிலையப் பக்கமும் போகக் கூடாது, கம்பியில் சிக்கினால் நூலை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.