நண்பகல் வெயிலில் ஒரு சுடர்வெடிப்பு: வாசகர் கேள்வி – பதில்

என்னிடம் 70 மி.மீ. தொலைநோக்கியும் ஒரு செல்போனும் இருக்கின்றன. சூரியனில் திடீரென்று ஒளி பொங்கும் சுடர்வெடிப்பை இவற்றால் படம் எடுக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், ராஜபாளையம்

தம்பி, முதலில் கண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம், படம் அப்புறம். தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும்படி, சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த ஃபில்டர் தாளைக் கட்ட வேண்டும். வருகிற ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் தாள் அது. சில பழைய தொலைநோக்கிகளோடு, கண்ணருகே திருகிப் பொருத்தும் ஒரு கறுப்புக் கண்ணாடி வரும். இருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால், கண்ணை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. குறிபார்க்கும் சிறு குழாயையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். 32 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி, நெகட்டிவோடு வாழ்ந்தவன் நான். கலர் நெகட்டிவ் எவ்வளவு கறுப்பாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. அதை மடித்து வைத்துக்கொண்டு சூரியனைப் பார்க்கிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம்.

அந்தத் தாளைக் கட்டினால் கரும்புள்ளிகள் அழகாகத் தெரியும். செல்போனிலேயே படம் எடுக்கலாம். ஆனால் சுடர்வெடிப்பு தெரிவது மிக அபூர்வம். கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்புக்கு மேலே இருக்கும் நிறமண்டலத்தில்தான் வெடிப்பின் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். கீழே இருக்கும் பரப்பின் பேரொளி அதை விழுங்கிவிடும். அந்தப் பேரொளியையும் மீறி ஒரு வெடிப்பு தெரிந்த முதல் நாள் 1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் கேரிங்டன், சூரிய பிம்பத்தைத் திரையில் விழ வைத்துக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். புள்ளிக் கூட்டத்தின் நடுவே இரண்டு வெள்ளைத் திட்டுகள் எழுந்தன. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி, ஒரு நிமிடத்துக்குள் திரும்பினார். அதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் வேறோரிடத்தில் அதையே தனியாகப் பார்த்திருந்ததால்தான் உலகம் நம்பியது. உங்கள் கருவியாலும் அப்படி ஒன்றைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கரும்புள்ளிகளைத் தினமும் எடுங்கள். எந்தக் கூட்டம் வெடிக்கும் என்று கண்டுகொள்ள அந்தப் பழக்கம் உதவும்.

2024 மே மாதச் சூரியப் புயலின்போது நீங்கள் எடுத்த படத்தை இந்தப் பகுதியில் பார்த்துவிட்டு, நானும் ஹைட்ரஜனின் ஒரே ஒரு சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி வாங்கினேன். ஆனால் வெடிப்பு என்று நான் எடுப்பதெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகவே விழுகிறது. எங்கே தவறு?
– வங்கி ஊழியர், கரூர்

நீங்கள் பார்த்த படத்துக்கு முன்னால் ஏழு நிமிடப் படம் என்னிடம் வீணாகிக் கிடக்கிறது. அதில் இருப்பதும் வெள்ளைத் திட்டுதான். அதைச் சொன்னால் உங்கள் தவறும் விளங்கிவிடும்.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. 3664 என்று எண்ணிட்ட கரும்புள்ளிக் கூட்டம் அந்த வாரம் முழுவதும் வெடித்துக்கொண்டே இருந்தது. வத்தலக்குண்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காலை ஆறரைக்கே கருவியை வைத்துவிட்டேன். பத்து மணி வரை காற்று அசையாமல், புள்ளிகளின் ஓரம் ஊசியால் கீறியதுபோல் தெரிந்தது. அதன் பிறகு சிமெண்டுத் தரை சூடேறி, பிம்பம் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியத் தொடங்கியது. தொலைநோக்கியைச் சுற்றி ஈரச் சாக்கு விரித்தேன். மாடியின் மறுபாதியில் என் மனைவி வெள்ளை வேட்டி விரித்து, வடகம் பிழிந்து காயவைத்திருந்தார். அந்த வேட்டியின் பக்கமாக நின்று பார்த்தபோது நெளிவு குறைந்தது உண்மை. வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சிமெண்டு வாங்கி வைத்துக்கொள்கிறது.

நண்பகலில் மே மாதச் சூரியன் நமக்கு ஏறத்தாழ நேர் உச்சி. குழாய் செங்குத்தாக நிற்கும். லேப்டாப் திரை வெயிலில் தெரியாது என்பதால், ஸ்டூடியோவில் பழைய பிளேட் கேமராவுக்குப் போர்த்திய அதே கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணியை ஒட்டி, இரண்டு பெரிய புள்ளிகளுக்கு இடையே அரிசி மணி அளவில் ஒரு வெளிச்சம். சில நிமிடங்களில் அது நீண்டு இரண்டு கோடுகளாகப் பிரிந்தது. கை நடுங்கியது. பதிவு பொத்தானை அழுத்தினேன். வேறெதையும் மாற்றவில்லை. அதுதான் தவறு.

காலையிலிருந்து சூரிய வட்டம் முழுவதும் நன்றாகத் தெரியும்படி, கேமராவில் ஒளிபடும் நேரத்தை 6 மில்லிநொடி வைத்திருந்தேன். சாதாரணப் பரப்பே கேமரா தாங்கும் அளவில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியிருந்தது. வெடிப்போ சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு பிரகாசம். அதற்கு இடமே வைக்கவில்லை. நிரம்பி வழிந்த வெள்ளைக்குள் எந்த விவரமும் கிடையாது. பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் வெள்ளிச் சரிகையில் ஃபிளாஷ் அடித்துக் கெடுத்த படத்தை என்ன செய்தும் திருத்த முடியாததுபோல்தான். ஏழு நிமிடம் கழித்துத்தான் கவனித்து 2 மில்லிநொடிக்கு இறக்கினேன். சூரிய வட்டம் இருண்டது. ஆனால் அந்தக் கோடுகளுக்குள் முடிச்சு முடிச்சாக வெளிச்சம் நகர்வது தெரிந்தது. 12.24-க்கு அந்த வெடிப்பு உச்சம் தொட்டது. எக்ஸ் 3.9 வகை என்று அறிவித்தார்கள். எக்ஸ் என்பது வெடிப்புகளில் மிகப் பெரிய வகை.

ஆகவே உங்களுக்குச் சொல்வது இது. வெடிப்பு நடக்காதபோதே, பரப்பின் வெளிச்சம் பாதி அளவைத் தாண்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு தொடங்கியதும் வெள்ளை நிரம்பாத வரை இன்னும் இறக்குங்கள். சுற்றுப்புறம் வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு பதிவு எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒரே படமாக எடுக்காமல், 20 நொடி வீடியோவாக எடுங்கள். நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்றால் 600 சட்டம் கிடைக்கும். காற்று நெளியாத கணத்தில் விழுந்த 80, 90 சட்டங்களை மென்பொருள் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தரும். 20 நொடிக்கு மேல் நீட்டாதீர்கள். வெடிப்பின் வடிவம் அதற்குள் மாறிவிடும், அடுக்கினால் மசமசவென்று ஆகும்.

கறுப்பு வெள்ளை கேமராதான் வேண்டும். கலர் கேமராவில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பைச் சரியாக வாங்கும். நாம் எடுப்பதோ 656.28 நானோமீட்டர் என்ற ஒரே ஒரு சிவப்பு. மற்ற மூன்று பிக்சல்களும் ஏறக்குறைய வீண். படத்தின் குறுக்கே வரிவரியாகக் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். கேமராவைக் குழாயில் இம்மியளவு சாய்த்துப் பொருத்துங்கள், போய்விடும்.

என்னுடைய கருவி 60 மி.மீ. வாய், 500 மி.மீ. குவியத் தூரம். என் படத்தில் ஒரு பிக்சல் என்பது சூரியனில் சுமார் 720 கி.மீ. நம் பூமியைத் தூக்கி அங்கே வைத்தால் பதினேழு, பதினெட்டுப் பிக்சல் அகலம் இருக்கும். அந்த மதியம் வெளிச்சக் கோட்டின் நீளத்தை அளந்துகொண்டே போனபோது, எத்தனை பூமி என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூரிய விளிம்பில் நெருப்பு நாக்கு நீண்டிருப்பதை எடுத்து அனுப்பியிருக்கிறேன். இது சுடர்வெடிப்பா?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

இல்லை அம்மா, ஆனால் படம் அருமை. இது தீநாக்கு. காந்தப் புலம் தாங்கிப் பிடித்திருக்கும் வாயு. நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில்கூட அப்படியே நிற்கும். சூரிய வட்டத்தின் மேலே அதுவே கறுப்பு இழையாகத் தெரியும். சுடர்வெடிப்பு என்பது காந்தப் புலம் முறுக்கேறி அறுந்து, வேறு விதமாக இணையும்போது வெளிப்படும் பேராற்றல். நிமிடங்களில் எழும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

ஒன்று கவனியுங்கள். கறுப்பு இழை ஒன்று உங்கள் கண்ணெதிரிலேயே மறைந்தால் உடனே பதிவைத் தொடங்குங்கள். அது நம்மை நோக்கிப் பாய்கிறது என்று பொருளாகலாம். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் விலகும். ஒரு ஆங்ஸ்ட்ராம், அதாவது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, விலகினால் நொடிக்குச் சுமார் 46 கி.மீ. வேகம். உங்கள் ஃபில்டர் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான அகலம் உடையது என்பதால், இழை அதன் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. ஃபில்டரின் திருகை மெல்ல நீலப் பக்கம் திருப்பினால் மறுபடி தென்படும்.

அந்தத் தொலைநோக்கியின் விலை என்னால் எட்ட முடியாதது. வேறு வழி உண்டா?
– எலக்ட்ரீசியன், தேனி

உண்டு. உங்கள் தொழிலுக்கும் கைக்கும் பொருத்தமான வழி அது. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டியன் புயில் என்ற வானியல் ஆர்வலர், ‘சோலெக்ஸ்’ என்றொரு கருவியை வடிவமைத்து அதன் வரைபடங்களை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். உடற்பகுதியை முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்துக்கொள்ளலாம். மெல்லிய பிளவு ஒன்று, ஒளியைப் பிரிக்கும் கீற்றணி ஒன்று, இரண்டு லென்சு, ஒரு கேமரா. சூரிய பிம்பத்தை அந்தப் பிளவின் மேல் நகரவிட்டால் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு கீற்று பதியும். கணினி எல்லாவற்றையும் சேர்த்து முழு வட்டமாகத் தரும். எந்த நிறத்தில் வேண்டும் என்பதைப் பிறகுகூட முடிவு செய்யலாம். விலையுயர்ந்த ஃபில்டர் தேவையே இல்லை.

இது புதுத் தத்துவம் அல்ல. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே மலைத்தொடரில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், இதே முறையில்தான் நூறாண்டுகளுக்கு முன்பே சூரியனைப் படம் எடுத்தார்கள். 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபா படங்கள் அங்கே கண்ணாடித் தகடுகளில் பதிவாகியிருக்கின்றன. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கிருந்துதான், கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். தகடு கழுவிப் பழகிய கை எனக்கு. ஒரு தகடு உடைந்தால் ஒரு நாள் சூரியனே போய்விடும் என்ற கவனத்தோடு அவற்றைக் காத்து, கணினியிலும் ஏற்றி வைத்திருப்பதை நினைத்தால் அந்த மலையைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறது.

எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? நாள் முழுவதும் மாடியில் உட்கார முடியவில்லை.
– வாசகர், திருச்சி

நிமிடம் சொல்ல யாராலும் முடியாது. எந்தக் கரும்புள்ளிக் கூட்டம் என்று சொல்லலாம். காந்தத்தின் வடதுருவமும் தென்துருவமும் ஒரே புள்ளிக்குள் நெருக்கியடித்துக் கிடந்தால் அதை டெல்டா வகை என்பார்கள். அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் தினமும் இந்தப் பட்டியலை வெளியிடுகிறது. டெல்டா என்று கண்டால் கருவியைத் துடைத்து வையுங்கள். சூரியன் சுழல்வதால் ஒரு கூட்டம் சுமார் இரண்டு வாரம் நம் பக்கம் இருக்கும். செயற்கைக்கோள்கள் அளக்கும் எக்ஸ் கதிர் வரைபடமும் நேரலையில் கிடைக்கிறது. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. கோடு எழத் தொடங்கியதும் மாடிக்கு ஓடினாலும் பெரிய வெடிப்புகளின் பிற்பகுதி கிடைத்துவிடும்.

அந்த நேரங்களெல்லாம் உலக நேரம்; ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டும்போது சில ஏமாற்றங்களும் வரும். 2024 மே 14-ல் நடந்த எக்ஸ் 8.7 நமக்கு இரவு 10.21. அக்டோபர் 3-ல் நடந்த எக்ஸ் 9.0 மாலை 5.48, சூரியன் அடிவானத்தைத் தொடப் போகிற நேரம். சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சூரியச் சுற்றின் உச்சம் கடந்துவிட்டதே என்று கருவியை மூட்டை கட்டிவிடாதீர்கள். 2003 நவம்பர் 4-ல் செயற்கைக்கோளின் அளவுகோலையே திணறடித்த, எக்ஸ் 28 என்று மதிப்பிட்ட வெடிப்பு, அந்தச் சுற்று இறங்குமுகத்தில் இருந்தபோதுதான் நடந்தது.

நாங்கள் எடுக்கும் படத்தால் யாருக்காவது பயன் உண்டா?
– பொறியியல் மாணவி, சிதம்பரம்

நேரம் குறித்திருந்தால் உண்டு. உதய்ப்பூரில் இருப்பது உள்பட உலகின் பல இடங்களில் உள்ள தொலைநோக்கிகள் பகல் முழுவதும் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. நொடி சரியாகக் குறித்த படம் என்றால் அவற்றோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிட்டு, எங்கே முதலில் வெளிச்சம் எழுந்தது என்று பார்க்கலாம். ஒவ்வொரு காலையும் லேப்டாப்பின் கடிகாரத்தை இணையத்தோடு சரிசெய்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி, உலக நேரம், ஒளிபடும் நேரமாக வைத்த மில்லிநொடி மூன்றும் இருக்கட்டும். என்னுடைய வீணான ஏழு நிமிடத்தையும் இப்படிப் பெயரிட்டு வைத்திருக்கிறேன். வெள்ளைத் திட்டுக்குள் விவரம் இல்லை. ஆனால் அதன் ஓரம் எந்த நிமிடத்தில் எங்கே இருந்தது என்பது அதில் இருக்கிறது.