எதிரணிக்குப் பதில் சொல்ல வரவில்லையா?

கேள்வி: கல்லூரிப் பட்டிமன்றங்களில் பேசுகிறேன். நான்கு நிமிடம் தருவார்கள். எழுதி வைத்ததைத் தடங்கலில்லாமல் பேசிவிடுகிறேன். எதிரணிக்குப் பதில் சொல்லப் போனால் தடுமாற்றம். அதற்குள் மணியும் அடித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மணி விஷயம் எளிது, முதலில் அதை முடித்துவிடுவோம். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90, 100 சொல்தான் போகும். 400 சொல் எழுதிப் போனால் பதிலுக்கு இடமேது? 250 சொல்லோடு நிறுத்துங்கள். வணக்கம் சொல்ல 15 விநாடி போதும். (நடுவருக்கு அடைமொழி அடுக்கியே ஒரு நிமிடத்தைத் தின்பவர்கள் உண்டு.) வணக்கம் முடிந்த கையோடு மறுப்புக்கு ஒரு நிமிடம், பிறகு சொந்த வாதம். மறுப்பைக் கடைசிக்குத் தள்ளினால் அது மணியோடு போய்விடும்.

பதில் வராததற்குக் காரணம் வேறு. எதிரணி பேசும்போது பலரும் தம் தாளையே மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். காதில் விழுவது நகைச்சுவையும் கைதட்டலும்தான். எதைக் கேட்க வேண்டும் என்பதை மணிமேகலையின் 29ஆம் காதை துல்லியமாகச் சொல்கிறது. வாதத்தின் உறுப்புகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து. கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும். ஆக மூன்று: சொல்ல வந்த முடிவு (பக்கம்), அதற்குக் காரணம் (ஏது), எடுத்துக்காட்டு (திட்டாந்தம்). இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல.

தாளை நெடுக்காக இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் எதிரணி சொல்லும் ஏதுவை மட்டும் நாலைந்து சொல்லில் குறியுங்கள், வலப்பக்கம் உங்கள் பதிலை. எதிரணிப் பேச்சாளர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "செல்போன் படிப்புக்கு இடையூறு. நிமிடத்துக்கொரு மெசேஜ் வந்து கவனத்தைக் கலைக்கிறது. என் நண்பன் மூன்று அரியர் வைத்திருக்கிறான்." இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "என் நண்பன் செல்போனில் படித்தே முதல் வகுப்பு வாங்கினான்" என்று எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்காட்டு வைப்பார்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் மெசேஜ் கவனத்தைக் கலைக்கிறது என்ற காரணம் அசையாமல் அப்படியே நிற்கும். நடுவர் அதைக் கவனிப்பார். நீங்கள் குறிக்க வேண்டியது "மெசேஜ் கவனம் கலைக்கிறது". பதில்: "மெசேஜ் கவனத்தைக் கலைக்கிறது என்றார் எதிரணி நண்பர். உண்மை. ஆனால் மெசேஜ் சத்தத்தை ஒரு விநாடியில் அணைத்துவிடலாமே! அணைக்கக்கூடிய ஒன்றுக்காகக் கருவியையே எப்படிக் குறை சொல்வது?" அவர் காரணத்தைத் திரிக்காமல் முதலில் திருப்பிச் சொன்னதைக் கவனியுங்கள். திரித்தால் அடுத்து வரும் எதிரணிக்காரர் அதையே பிடித்துக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முயலாதீர்கள். குறித்ததில் வலுவான ஒன்றை எடுத்தால் போதும். முதல் பேச்சாளராக நீங்களே போக நேர்ந்தால், எதிரணியின் வலுவான காரணம் எதுவாக இருக்கும் என்று முந்தைய நாளே எழுதிப் பார்த்து, அதற்கான பதிலை உங்கள் வாதத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.