அலாய் சக்கரத்துக்கு எந்தக் கிளீனர்?

கேள்வி: காரின் முன் சக்கர அலாய்களில் பழுப்புப் புள்ளிகள் படிந்திருக்கின்றன. கார் ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வாட்டர் வாஷ் கடையில் லேபிள் இல்லாத கேனிலிருந்து எதையோ அடித்தார்கள், ஒரு சக்கரம் நொடியில் பளிச்சென்று ஆனது. அதையே ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அடித்தால் ஊதா நிறமாகும் ஸ்ப்ரேதான் நல்லது என்கிறார் மைத்துனர். விலைதான் இடிக்கிறது. எதை வாங்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேன் வேண்டாம். அவ்வளவு வேகமாக அழுக்கை எடுப்பது பெரும்பாலும் ஆசிட்தான். இந்த ரகத்தில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். நீர்த்த நிலையில் கையில் பட்டால் உடனே எரியாது. வலி தெரியச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். டாக்டர் முதலில் கேட்பது 'என்ன கெமிக்கல்?' என்றுதான். பெயரே இல்லாத கேனை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வீர்கள்? பாத்ரூம் ஆசிட்டும் சக்கரத்துக்கு வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்.

நீங்கள் சொல்லும் புள்ளிகள் பிரேக் தூசி. டிஸ்க்கும் பேடும் உரசும்போது உதிரும் சூடான இரும்புத் துகள்கள் சக்கரத்தின் லாக்கர் பூச்சில் பதிந்து, ஈரம் பட்டுத் துருப்பிடிக்கின்றன. பிரேக்கின் பெரும்பங்கு வேலையை முன் சக்கரங்களே செய்வதால் அங்கேதான் அதிகம். ஷாம்புக்கு அசையாத இந்த இரும்புக்கு மைத்துனர் சொன்ன ஸ்ப்ரே பொருத்தமானதே. அதிலுள்ள தையோகிளைகோலேட் உப்பு இரும்போடு சேர்ந்து ஊதாவாகிறது. நாற்றம் குடலைப் புரட்டும், காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். நிறம் அதிகம் வந்தால் சரக்கு உயர்ந்தது என்று அர்த்தமில்லை, இரும்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். தாருக்கு இது உதவாது. வருடத்துக்குச் சில முறை போதும் என்பதால் ஒரு பாட்டில் நெடுநாள் வரும். மற்ற நாட்களில் ஷாம்பும் மென்மையான பிரஷும் போதும்.

வாங்கும்போது 'பிஎச் நியூட்ரல்' (ஆசிட்டும் அல்ல, காரமும் அல்ல) என்று இருக்கிறதா பாருங்கள். 'ஆசிட் இல்லாதது' என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள், காஸ்டிக் சோடா என்ற கடும் காரம் கலந்த கிளீனரையும் அப்படி விற்கலாம். பூச்சில்லாத, பாலிஷ் செய்த அலுமினியத்தில் அது பட்டால் வெளிறிக் கறைபடும். டயமண்ட் கட் சக்கரத்தில் (முகப்பை மெஷினில் சீவிப் பளபளப்பாக்கி மேலே லாக்கர் பூசியது) அந்த லாக்கர் எங்காவது உரிந்திருந்தாலும் இதே ஆபத்து. உங்கள் சக்கரம் எந்த ரகம் என்று தெரியாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பிறகும், உள்பக்கத்தில் ஓரிடத்தில் அடித்துப் பார்த்துவிட்டே முழுதும் அடியுங்கள்.

வண்டி ஓடி நின்ற சூட்டில் அடிக்காதீர்கள். கையுறை போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் செய்து, காய்வதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்ஆர்பி, புகார் தொடர்பு ஆகியவை பாட்டிலில் இருக்க வேண்டும். ஏற்கெனவே அடித்த சக்கரத்தில் வெளிறல் தெரிந்தால் போட்டோவும் பில்லும் வைத்துக் கடையில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.