நித்திரை பற்றிக் கேட்டீர்கள்

தாதியாக 30 வருடம் வேலை செய்தேன். அதில் பாதி இரவுப் பணி. நித்திரை கெட்டால் உடம்பு படும் பாட்டை வார்ட்டிலும் பார்த்தேன், என்னிலும் பார்த்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

வயல் செய்பவர், ஒட்டுசுட்டான்: காலபோக நெல் வெட்டி முடியும்வரை வயலில் யானைக் காவல். இரவு முழுக்கக் கொட்டிலில் முழிப்பு. பகலில் படுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் எழும்பிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

தம்பி, அது உங்கள் பிழையில்லை. வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை பகலென்று கணக்கெடுத்து உடம்பை எழுப்பிவிடும். ஆகவே விடியக் கொட்டிலை விட்டு வரும்போதே தொப்பியை இறக்கிப் போடுங்கள். படுக்கிற அறை யன்னலுக்குக் கறுத்தத் துணி கட்டுங்கள். விடிய மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். வளர்ந்தவருக்கு நாளுக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும். காலையில் நான்கு, பின்னேரம் காவலுக்குப் போகுமுன் மூன்று என்று பிரித்துப் படுத்தாலும் பலனுண்டு. பக்கத்து வயல்காரரோடு முறை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நித்திரையில்தான் பிரஷர் இறங்கி இதயம் ஆறுகிறது. மாதக்கணக்கில் அந்த ஆறுதல் கிடைக்காவிட்டால் பிரஷரும் சீனி வருத்தமும் வர இடமுண்டு.

இன்னொன்று: 17 மணித்தியாலம் தொடர்ந்து முழித்திருந்தவரின் கையும் கண்ணும் மது குடித்தவரைப் போலத் தடுமாறும். காவல் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள்.

ஏ.எல். மாணவி, கிளிநொச்சி: கோப்பி குடித்து இரண்டு மணிவரை படிக்கிறேன். காலையில் ஒன்றும் நினைவில் இல்லை.

பிள்ளை, படித்ததை மூளை பதிந்து வைப்பது நித்திரையில்தான். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தேவை. குடித்த கோப்பியின் வேகத்தில் பாதி, ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் நிற்கும். பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பிப் பாருங்கள். மிச்ச ஒன்றரை மணித்தியாலத்தை ரியூசனுக்கு முன் படுத்து எடுக்கலாம்.

குடும்பப் பெண், முல்லைத்தீவு: என் கணவர் பலத்த குறட்டை. இடையில் சத்தமே நின்றுவிடுகிறது.

அந்த நிற்பதுதான் கவனிக்க வேண்டியது, தங்கச்சி. வார்ட்டில் ஒருவருக்கு மணிக்கூட்டைப் பிடித்து எண்ணினேன்: 25 விநாடி மூச்சில்லை, பிறகு திடுக்கிட்டு ஒரு பெருமூச்சு. தொண்டை அடைபட்டு இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிற நோய் இது. இதயத்தைக் கெடுக்கும், மருத்துவம் உண்டு. அவரைச் சரிந்து படுக்கச் சொல்லுங்கள், குடிப்பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள், நீங்கள் கண்டதை வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஓர் அம்மா, புதுக்குடியிருப்பு: 2009 யுத்தத்துக்குப் பிறகு முழு நித்திரை இல்லை. கலியாண வீட்டு வெடிச் சத்தத்துக்கும் எழும்பி ஓடுகிறேன். பக்கத்து வீட்டில் குளிசை தந்தார்கள்.

அக்கா, அந்தக் குளிசையைப் போடாதீர்கள். இன்னொருவருக்கு எழுதியது உங்களுக்கு ஆபத்தாகலாம். அந்த நாட்களில் உயிரைக் காத்ததே அந்த முழிப்புத்தான்; உடம்பு அதை இன்னும் விடவில்லை. இது பைத்தியமில்லை, பலவீனமுமில்லை. முழிப்பு வந்தால் பாயில் புரளாமல் எழும்பித் திண்ணையில் இருங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுங்கள். ஆனால் இத்தனை வருடத்தை இதனால் மட்டும் ஆற்ற முடியாது. மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கெட்ட கனவுக்கும் பேச்சால் செய்யும் சிகிச்சை உண்டு. மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் கதைக்கலாம். தனியே போகக் கூச்சமென்றால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அக்கா. இந்தக் கிழமையே போங்கள்.